குழந்தை யார் கையில்? – நாடக மேடையும் தாயின் உரிமையும்

மனிதர் தம்முள் வழக்காடும் பொருள்கள் பல. நிலத்துக்கு எல்லைக்கல் உண்டு. பொன்னுக்குத் தராசு உண்டு. கடனுக்குச் சீட்டு உண்டு. கணவனும் மனைவியும் பிரிந்தபின் அவர்தம் குழந்தை யாரிடம் வளர்வது என்னும் வழக்குக்கோ அளக்கும் கோலும் இல்லை. நிறுக்கும் கல்லும் இல்லை. இவ்வழக்கு நம்மிடையே இரண்டு இடங்களில் பேசப்பெறுகிறது. ஒன்று மஹல்லா ஜமாஅத்; மற்றொன்று நீதிமன்றம். மூன்றாவதோர் இடமும் உண்டு. அது நாடக மேடை. மேடையில் வழங்கப்பெறும் தீர்ப்பு எவரையும் கட்டுப்படுத்தாது. எனினும் கண்டு வீடு திரும்புவோர் உள்ளத்தில் அது தங்கிவிடுகிறது. அவர்களே நாளை ஜமாஅத்தில் அமர்ந்து தீர்ப்புக் கூறுவோராகலாம். வழக்கில் நிற்கும் தாயாகவோ தந்தையாகவோ ஆகலாம். எனவே, தாயின் வளர்ப்புரிமைக்காக மேடை எவ்வாறு வாதாடியிருக்கிறது, அவ்வாதம் எவ்வளவு தூரம் நிற்கும், நம் குடும்பங்களுக்கு அதனால் ஆவது யாது என ஆராய்வது வீண்வேலை ஆகாது.

'மார்க்கக் கல்வி பயின்றவர்களுக்கு நாடகத்தோடு என்ன தொடர்பு?' என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. மேடையில் நடப்பன எல்லாம் நல்லன என்று நாம் சொல்ல வரவில்லை. நபிமார்களையும் சஹாபாப் பெருமக்களையும் வேடமிட்டுக் காட்டுவதை நாம் ஏற்பதும் இல்லை. ஆனால் ஒரு கதையைப் பலர் நடுவே சொல்லி, அதன் வாயிலாக உள்ளங்களைத் திருத்துவது தமிழ் முஸ்லிம்களுக்குப் புதியதன்று. கிஸ்ஸாக்களும் நாமாக்களும் மசலாக்களும் நம் முன்னோர் இல்லங்களில் இராக்காலங்களில் இசையோடு படிக்கப்பெற்றன. வேடமும் திரையும் இல்லை என்பது ஒன்றே வேறுபாடு. அவற்றிலும் வினாவும் விடையும் உண்டு. அழுகையும் தீர்ப்பும் உண்டு.

கலை சட்டத்தை அசைக்குமா என்பார்க்கு, நாம் வாழும் நாஞ்சில் நாடே விடை கூறும். இந்நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழித் தாயமுறை வழங்கி வந்த காலம் ஒன்று இருந்தது. ஒருவர் தேடிய செல்வம் அவருடைய சகோதரியின் மக்களுக்குச் சென்றது. அவரைக் கைப்பிடித்தவளும் அவர் பெற்ற மக்களும் அவருக்குப் பின் நிலையற்றுத் தவித்தனர். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்னும் நூலை இயற்றினார். 1910களின் பிற்பகுதியில் 'தமிழன்' இதழில் அது தொடராக வெளிவந்தது. அந்நூலில் பேசுபவள் ஒரு மனைவி, ஒரு தாய். தன் வீட்டுக் கதையை அவள் தன் வாயாலேயே சொல்கிறாள். வாசிப்போர் சிரிக்கிறார்கள், சிரித்து முடித்ததும் வெட்கப்படுகிறார்கள். அம்முறையை மாற்றிய நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் திருவிதாங்கூரில் 1926இல் நிறைவேறியது. சமுதாயத்தார் பலர் பல்லாண்டு உழைத்ததன் பயன் அச்சட்டம். எனினும் அவ்வுழைப்புக்கு மக்கள் உள்ளத்தைப் பதப்படுத்தியதில் கவிமணிக்குரிய பங்கை மறுப்பார் இலர். அது நாடகமாக எழுதப்பெற்றதன்று. ஆயினும் ஒரு பெண்ணின் தனிமொழியாக அமைந்தமையால் நாடகத்துக்கு மிக அண்மையில் நிற்கிறது.

மலையாள நாட்டில் நாடகமே அப்பணியைச் செய்தது. வி. டி. பட்டதிரிப்பாடு எழுதிய 'அடுக்களையில் நின்னு அரங்கத்தேக்கு' 1929இல் மேடையேறியது. அடுக்களை இருளில் அடைபட்டிருந்த நம்பூதிரிப் பெண்களை வெளிச்சத்துக்கு அழைத்த நாடகம் அது. மாப்பிள்ளை முஸ்லிம்களிடையே இ. கே. அயமு, 'நீ ஒரு நல்ல மனிதனாகப் பார்' என்னும் பொருள்படும் தலைப்பில் நாடகம் எழுதினார். 1950களில் அதில் நடித்த நிலம்பூர் ஆயிஷா, மேடையில் நின்றபோதே சுடப்பட்டு உயிர் தப்பினார். பெண்ணின் குறையைப் பெண்ணே மேடையில் எடுத்துரைப்பது எத்துணை விலை கேட்கும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

இனி, குழந்தை வழக்குக்கு வருவோம். இதனை மேடையில் காட்டியோர் பெரும்பாலும் மூன்று வழிகளில் சென்றனர்.

முதலாவது கண்ணீர் வழி. ஆங்கில நாட்டில் எலன் வுட் என்னும் பெண்மணி 1861இல் எழுதிய 'ஈஸ்ட் லின்' என்னும் நாவல் நாடகமாக்கப்பெற்றுப் பல பதின்மர் ஆண்டுகள் ஓயாது நடிக்கப்பெற்றது. கணவனைப் பிரிந்த ஒருத்தி, உருக்குலைந்த முகத்தோடு, தன் மக்களுக்கே பாடம் சொல்லும் பணிப்பெண்ணாக அவ்வீட்டுக்கு மீள்கிறாள். 'நான் உன் தாய்' என்று சொல்ல இயலாத நிலையில் மகன் மடிவதைக் காண்கிறாள். அரங்கம் முழுவதும் அழுதது. நம் தமிழ் மேடையிலும் திரைப்படத்திலும் இவ்வகைத் தாய்மாரை நாம் எண்ணிறந்த முறை கண்டிருக்கிறோம். இவ்வழியில் உள்ள குறை யாதெனில், தாயின் உரிமை அவளுடைய துன்பத்திலிருந்தும் தூய்மையிலிருந்தும் பிறப்பதாக அது காட்டுவதே. மிகுதியாக அழுதவள் வெல்கிறாள், மாசற்றவள் வெல்கிறாள். அங்ஙனமாயின் சினமுள்ளவள், சொல்லடக்கம் இல்லாதவள், மாமியாரோடு சண்டையிட்டவள், வேலைக்குச் செல்பவள் ஆகியோர் நிலை என்ன? நாடகம் கண்டு அழுத அதே மக்கள், ஜமாஅத்தில் உண்மையான தாய் ஒருத்தி குரலை உயர்த்திப் பேசினால், 'இவள் தாயா?' என்று முகம் சுளிப்பர். கண்ணீர் நாடகம் தாய்க்கு வாதாடுவதுபோலத் தோன்றி, அவள் மீது புதியதொரு சுமையை ஏற்றிவிடுகிறது.

இதனோடு ஒப்பிடத்தக்கது அதே நாட்டின் கவிஞர் கரோலின் நார்ட்டனின் போராட்டம். 1836இல் அவர்தம் மூன்று ஆண்மக்களையும் கணவர் தம் வசம் வைத்துக்கொண்டார். ஆங்கிலச் சட்டம் அன்று தந்தையையே முற்றுரிமையாளராக்கியிருந்தது. அம்மையார் அழுதுகொண்டிருக்கவில்லை; துண்டு நூல்கள் எழுதி நாடாளுமன்றத்தினரை அணுகினார். 1839இல் பிறந்த சட்டம், ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு தாய்மார் நீதிமன்றத்தை வேண்டலாம் என்றது. ஆயினும், நடத்தை தவறியவள் எனத் தீர்க்கப்பெற்ற தாய்க்கு அதில் இடம் இல்லை. தூய்மை என்னும் நிபந்தனை மேடையில் மட்டுமன்றிச் சட்டத்திலும் நின்றது. இஸ்லாமிய ஃபிக்ஹு நூல்கள் ஏழு வயது வரையேனும் பிள்ளை தாயிடம் வளர்தலைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வகுத்து வைத்திருந்ததை எண்ணும்போது, நம் கையில் இருப்பதன் அருமை புலப்படும். கையில் இருப்பதை நாம் எவ்வாறு கையாள்கிறோம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இரண்டாவது வழி, இருவரையும் குற்றவாளிகளாக்கும் வழி. ஸ்வீடன் நாட்டு ஸ்ட்ரிண்ட்பெர்க் 1892இல் எழுதிய ஓரங்க நாடகம் ஒன்று முழுவதும் நீதிமன்றத்தில் நிகழ்வது. கணவனும் மனைவியும் குழந்தையைப் பற்றி முன்னரே இணக்கமாகப் பேசிக்கொண்டுதான் வருகின்றனர். விசாரணை தொடங்கியதும் ஒருவர்மேல் ஒருவர் சேறு வாரி இறைக்கின்றனர். முடிவில் குழந்தை தாய்க்கும் இல்லை, தந்தைக்கும் இல்லை. அந்நியர் கையில் ஒப்படைக்கப்பெறுகிறது. அந்நாடகாசிரியர் பெண்களிடம் நீதியோடு நடந்தவர் என நாம் சொல்லோம். ஆனால் இந்நாடகம் ஒரு மெய்யைச் சொல்கிறது: பெற்றோர் ஒருவரையொருவர் வெல்லப் புறப்பட்டால் தோற்பது பிள்ளை. தாயின் உரிமை பேசும் நாடகம், தந்தையை அரக்கனாகத் தீட்டத் தொடங்கும்போது இம்மெய்யை மறந்துவிடுகிறது.

மூன்றாவது வழியே உலகெங்கும் புகழ் பெற்றது: வட்டம் வரைந்து அறியும் வழி. யுவான் மன்னர் காலத்துச் சீன நாடகம் ஒன்றில், ஒரு குழந்தைக்கு இரு பெண்டிர் உரிமை கோருகின்றனர். நீதிபதி தரையில் சுண்ணாம்பால் வட்டம் வரைந்து, குழந்தையை நடுவே நிறுத்தி, இருபுறமும் இழுக்கச் சொல்கிறார். பெற்றவள், பிஞ்சுக் கை முறியுமே என அஞ்சி இழுக்க மறுக்கிறாள். அவளே தாய் எனத் தீர்ப்பாகிறது. பௌத்த ஜாதகக் கதையிலும் மகோசதர் என்னும் அறிஞர் இங்ஙனமே தீர்க்கிறார். நம் ஹதீஸ் நூல்களில் இதனினும் சுருக்கமான நிகழ்ச்சி உண்டு. புகாரி ஷரீஃபில் பதிவாகியுள்ளது அது. இரு பெண்களுள் ஒருத்தியின் பிள்ளையை ஓநாய் கொண்டு சென்றது. எஞ்சியது தன் பிள்ளையே என இருவரும் வாதிட்டனர். தாவூத் நபி (அலை) மூத்தவளுக்குத் தீர்ப்பளித்தார்கள். சுலைமான் நபி (அலை) அவர்களோ கத்தி கொண்டுவரச் சொன்னார்கள். பிள்ளையை இரண்டாகப் பிளந்து தருவதாகக் கூறினார்கள். இளையவள் பதறி, அது அவளுடைய பிள்ளையே என விட்டுக்கொடுத்தாள். பிள்ளை இளையவளுக்கே உரியதாயிற்று. இதில் நாம் கவனிக்க வேண்டுவது ஒன்று. அவள் வென்றது உரிமையை நிலைநாட்டியதால் அன்று; பிள்ளையின் உயிருக்காக உரிமையையே கைவிட்டதால்.

ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட், நாடு கடந்து அமெரிக்காவில் வாழ்ந்தபோது 1944இல் இச்சீனக் கதையைத் தலைகீழாக்கி எழுதினார். கலகம் மூண்டபோது ஆளுநரின் மனைவி தன் பட்டாடைகளைச் சேகரிப்பதில் முனைந்து, குழந்தையை விட்டுவிட்டு ஓடுகிறாள். க்ரூஷா என்னும் வேலைக்காரப் பெண் அதை எடுத்து, பனிமலைகளைக் கடந்து, பசியிலும் பழியிலும் வளர்க்கிறாள். அமைதி திரும்பியதும் பெற்றவள் வந்து கேட்கிறாள்; குழந்தையின் பெயரில் உள்ள சொத்து அவளுக்கு வேண்டும். அஸ்டாக் என்னும் விசித்திர நீதிபதி வட்டம் வரைகிறார். இம்முறை கையை விடுபவள் வளர்த்தவள். அவளுக்கே குழந்தை. 1948இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் முதன்முதலாக மேடையேறிய இந்நாடகம் பின்னர்க் கீழைநாடுகளிலும் பரவியது. இலங்கையில் ஹென்றி ஜயசேன 1967இல் சிங்களத்தில் 'ஹுணுவடயே கதாவ' என அரங்கேற்றினார். பாமரரும் பள்ளி மாணவரும் அறிந்த நாடகமாக அது நிலைத்தது. லாகூரில் மதீஹா கௌஹர் 1980களில் தோழர்களோடு நிறுவிய அஜோகா நாடகக் குழு, இதனைச் 'சாக் சக்கர்' என்னும் பெயரில் தன் மக்கள் மொழியில் நடித்துக் காட்டியது. பெண்களின் சட்டநிலை அந்நாட்டில் கடும் வாதத்துக்கு உள்ளாகியிருந்த காலம் அது.

இந்நாடகத்தின் சிறப்பு, குழந்தையை மேடையின் நடுவே நிறுத்தியதே. கண்ணீர் நாடகத்தில் நடுவே நிற்பவள் தாய். ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் நாடகத்தில் நடுவே நிற்பது பகை. இங்கோ, கேள்வி முழுவதும் 'இப்பிள்ளைக்கு யார் நன்மை செய்வார்?' என்பதைச் சுற்றியே சுழல்கிறது. ஆயினும், தாயின் உரிமைக்கான இயக்கம் இதனை அப்படியே கைக்கொண்டால் இடர்ப்பாடு ஒன்று உண்டு. பெற்றவளைப் பேராசைக்காரியாகத் தீட்டியே வளர்த்தவளை வெல்லச் செய்திருக்கிறார் பிரெக்ட். 'வளர்த்தவர்க்கே பிள்ளை' என்னும் அவ்வாதத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். விவாக முறிவுக்குப் பின் பிள்ளையை வலிந்து தம்மிடம் நிறுத்திக்கொண்ட தந்தை வீட்டார், தாயைப் படியேற விடாமல் இரண்டு மூன்று ஆண்டுகளைக் கடத்திவிட்டுப் பின்னர், 'பிள்ளை எங்களோடு பழகிவிட்டான். உம்மாவை அவனுக்கு அடையாளமே தெரியாது' என்று வாதிடுவதை நம் பகுதியில் கேளாதார் உண்டோ? க்ரூஷாவின் நியாயம் இவர்கள் வாயில் வன்முறையின் நியாயமாகிவிடுகிறது. வட்டத்துக்குள் இழுப்பவரைப் பிரெக்ட் நன்கு காட்டினார். வட்டத்துக்கு வெளியே தாயைத் தடுத்து நிறுத்தும் கையை அவர் காட்டவில்லை. அந்தக் கையைக் காட்டும் நாடகம் ஒன்று நமக்கு வேண்டும்.

அதற்கான கருவூலம் நம் கல்வியிலேயே இருக்கிறது. குழந்தை வளர்ப்பை அரபியில் 'ஹளானத்' என்பர். 'ஹிள்ன்' என்பது அச்சொல்லின் வேர். அக்குளுக்குக் கீழே இடுப்பு வரையுள்ள விலாப்பகுதியை அது குறிக்கும். பறவை தன் முட்டைமேல் அமர்ந்து அடைகாப்பதற்கும் அரபு மொழியினர் இவ்வேரிலிருந்து பிறந்த வினையையே ஆள்வர். தமிழில் 'ஒக்கல்' என்கிறோமே, தாய் பிள்ளையை ஏற்றி வைத்துக்கொள்ளும் இடம், அதுவே ஹிள்ன். ஹளானத் என்பது ஒக்கலில் வைத்தல்; சிறகுக்குள் வைத்தல். இது சொத்துரிமைச் சொல் அன்று, பணிச்சொல். 'விலாயத்' என்பது வேறு. சொத்தைக் காத்தல், திருமணத்தில் வலீயாக நிற்றல், செலவுக்குப் பொறுப்பேற்றல் ஆகியன தந்தையின் பக்கம். ஒக்கல் தாயினுடையது, பொறுப்பு தந்தையினுடையது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, 'வலீ தந்தைதானே, பிள்ளையும் அவரிடமே இருக்கட்டும்' என்று தீர்ப்போர் சொல்லின் வேரையே அறியாதவர்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் ஒரு பெண் வந்து முறையிட்ட வரலாற்றை அபூதாவூத் பதிவு செய்துள்ளார். தன் வயிறு அப்பிள்ளைக்குக் கலமாகவும், மார்பு நீர்த்துறையாகவும், மடி காப்பிடமாகவும் இருந்ததை அவள் எடுத்துரைத்து, மணவிலக்குச் செய்த கணவர் இப்போது பிள்ளையைப் பறிக்க நினைப்பதைச் சொன்னாள். அவள் மறுமணம் செய்யாத வரையில் அவளே அதிக உரிமையுடையவள் எனத் தீர்ப்பாயிற்று. இவ்வாதத்தின் அமைப்பைப் பாருங்கள்! அவள் தன் கற்பைப் பற்றிப் பேசவில்லை. கணவரின் கொடுமையைப் பட்டியலிடவில்லை. பிள்ளைக்குத் தான் என்னவாக இருந்தாள் என்பதை மட்டுமே சொன்னாள்.

மற்றொரு நிகழ்ச்சி இதனினும் உயிருள்ள காட்சி. ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு உம்ராவை முடித்துக்கொண்டு நபிகளார் மக்காவை விட்டுப் புறப்படுகையில், உஹதில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் சிறு மகள், சிற்றப்பாவே எனக் கூவியவாறு பின்னால் ஓடி வந்தாள். அலி (ரலி), ஜஅஃபர் (ரலி), ஸைத் (ரலி) மூவரும் அவளை வளர்க்க உரிமை கோரினர். மூவரும் ஆடவர், மூவரும் சிறந்தவர். ஆனால் தீர்ப்பு, அவளுடைய தாயின் சகோதரி ஜஅஃபரின் இல்லத்தரசியாக இருந்தார் என்பதைக் கொண்டே அமைந்தது. சின்னம்மா தாயின் இடத்தில் நிற்பவள் என்று நபிகளார் விளக்கினார்கள். வேடமிட்டு நடிக்கத் தகாத இந்நிகழ்ச்சியை ஒரு கிஸ்ஸாவாக, ஒரு கதைப்பாடலாகச் சொல்ல வல்லார் நம்மிடையே எழ வேண்டும். 2010இல் நம் நாட்டு உச்சநீதிமன்றத்துக்கு வந்த முஸ்லிம் குடும்ப வழக்கு ஒன்றில், தாயை இழந்த பிள்ளைகளைத் தந்தை கேட்டார். அவர் இயற்கைக் காப்பாளர் என்பதை மறுக்காமலேயே, பிள்ளைகள் தாய்வழி உறவினரிடம் தொடர்ந்திருப்பதே நலம் என நீதிமன்றம் கண்டது. பதினான்கு நூற்றாண்டு இடைவெளியில் இரு தீர்ப்புகளும் ஒரே திசையை நோக்கி நிற்கின்றன.

இனி, நாம் கையில் வைத்திருப்பதைக் கையாளும் முறைக்கு வருவோம். குமரி மாவட்டத்தில் ஷாஃபிஈ மத்ஹபினரும் உளர். ஹனஃபி மத்ஹபினரும் உளர். ஹனஃபி நூல்கள் ஆண் பிள்ளைக்கு ஏழு வயது வரையும், பெண் பிள்ளைக்குப் பருவமெய்தும் வரையும் தாயின் வளர்ப்பைச் சொல்கின்றன. ஷாஃபிஈ நூல்கள், ஏறத்தாழ ஏழு வயதில் நன்மை தீமை பிரித்தறியும் 'தம்யீஸ்' வந்ததும், பிள்ளையே தாயையோ தந்தையையோ தேர்ந்துகொள்ளலாம் என்கின்றன. நபிகளார் முன் ஒரு சிறுவனுக்கு அவ்விருப்பம் தரப்பட, அவன் தாயின் கையைப் பற்றிச் சென்ற வரலாறும் உண்டு. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டமும் பிள்ளையின் நலத்தை முன்னிறுத்துகிறது. விவரம் அறிந்த பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கலாம் என்கிறது.

ஆனால் ஊரில் நடப்பது என்ன? மூன்று தவறுகளைச் சொல்வோம். முதலாவது, தாய் மறுமணம் செய்தாள் எனில் பிள்ளை நேரே தந்தை வீட்டுக்கு என்பது. ஃபிக்ஹு நூல்களின் வரிசையில் தாய்க்கு அடுத்து நிற்பவள் தாயின் தாய், தந்தை அன்று. பிள்ளைக்கு மணம் விலக்கப்பட்ட நெருங்கிய உறவினரைத் தாய் மணந்தால் அவள் உரிமை நீங்குவதும் இல்லை என ஹனஃபி நூல்கள் கூறும். இரண்டாவது, ஏழு வயது நிறைந்த நாளன்றே பிள்ளையைப் 'பிடித்து' வர வேண்டும் என்பது. அது கடன் தவணை அன்று. மூன்றாவதே மிகக் கொடியது: விடுதலை வேண்டும் பெண்ணிடம், 'பிள்ளையை விட்டுக்கொடு, தலாக் தருகிறோம்' என்றோ, 'பிள்ளையை வைத்துக்கொள், செலவு கேட்காதே' என்றோ பேரம் பேசுவது. பிள்ளையை விட்டுவிடுவது என்னும் நிபந்தனையோடு குல்உ நிகழ்ந்தால், குல்உ செல்லும், நிபந்தனை செல்லாது என்பது ஹனஃபி அறிஞர்கள் எழுதி வைத்தது. ஏனெனில் அது பிள்ளையின் உரிமை. பிறர் விற்க இயலாது. பிள்ளை தாயிடம் வளர்ந்தாலும் செலவு தந்தையைச் சார்ந்ததே. தாயும் பிள்ளையை முன்னிட்டுத் துன்புறுத்தப்படலாகாது, தந்தையும் துன்புறுத்தப்படலாகாது என்பது அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் தரும் நெறி. இந்நெறியை நாமே காத்திருந்தால், உடனடி முத்தலாக் பற்றிய 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவில், சிறு பிள்ளைகளை யார் வைத்துக்கொள்வது என்பதை நடுவர் மன்றத்தில் சென்று கேட்கும் நிலை நம் பெண்களுக்கு ஏன் வர வேண்டும்?

மதரஸாவில் முப்பது ஆண்டுகளாகச் சிறு பிள்ளைகளுக்கு அலிஃப், பா சொல்லிக்கொடுத்துவரும் நமக்கு, இப்பேரங்களின் விளைவு பெயர்ப்பதிவேட்டிலேயே தெரியும். ஒரு பருவம் வந்து, மறு பருவம் வராது, மீண்டும் வேறு முகவரியோடு வரும் பெயர்கள் உண்டு. வீடு எது என்று கேட்டால் விடை சொல்லத் தயங்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுள் எவரும் தம் உம்மாவையோ வாப்பாவையோ குறை சொல்லி நாம் கேட்டதில்லை. பெரியவர்களே சொல்கின்றனர்.

ஆகவே நமக்கு வேண்டிய நாடகம் எத்தகையது? வில்லுப்பாட்டும் தோல்பாவைக் கூத்தும் தழைத்த மாவட்டம் இது. ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், 'கிந்தனார்' என்னும் கதா காலட்சேபத்தால் கல்வியின் மேன்மையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். நம் சமுதாயத்தில் பிறந்த கவிஞர் இன்குலாப், 'ஔவை' என்னும் நாடகத்தை எழுதித் தமிழ் மேடையில் பெண்ணின் குரலுக்கு இடம் தந்தார். 1990களில் அ. மங்கை, பெண்சிசுக் கொலையை எதிர்த்துப் 'பச்சமண்ணு' என்னும் நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டு சென்றார். வழி இருக்கிறது, நடப்பார் வேண்டும்.

அந்நாடகத்தில் தந்தை அரக்கனாக இருத்தலாகாது. வளைகுடா நாட்டில் உழைத்து, ஈராண்டுக்கு ஒருமுறை வந்து, தன் பிள்ளை தன்னைக் கண்டு ஒளிந்துகொள்வதைப் பார்த்து நிற்கும் வாப்பாவின் வேதனையும் வேதனையே. தாய் மாசற்ற பதுமையாக இருத்தலும் வேண்டா. கோபிப்பவளாக, தவறு செய்பவளாக, எனினும் ஒக்கலில் இடம் உள்ளவளாக இருக்கட்டும். பேரம் பேசும் மேசையை மேடையில் போடுங்கள். ஒருபுறம் நகைக் கணக்கு, மறுபுறம் சீர்வரிசைக் கணக்கு, நடுவே பிள்ளையின் பெயரும் ஓர் உருப்படியாக எழுதப்படுவதைக் காட்டுங்கள். அப்பட்டியலை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். வசனம் வேறு தேவையில்லை. பார்ப்பவர் தலை தானே குனியும். பிள்ளையை மேடையேற்றி அழ வைக்க வேண்டா. அது இன்னொரு கொடுமை. தீர்ப்பையும் நாடகமே சொல்ல வேண்டா. கூடியிருப்போரிடம், குறிப்பாகப் பெண்களிடம் அதை விட்டுவிடுங்கள்.

நாடகம் முடிந்து விளக்கணைந்த பின்னர்ச் செய்யவேண்டிய பணி ஜமாஅத்தினுடையது. விவாக முறிவைத் தப்தரில் பதியும்போது மஹரும் நகையும் சீரும் எழுதப்பெறுகின்றன. பிள்ளை உள்ள வீடாயின் தனியே ஒரு பக்கம் ஒதுக்கப்பெற வேண்டும். யார் ஒக்கலில் வளர்கிறது, மாதச் செலவு எவ்வளவு, அதை யார் எந்நாளில் தருவது, மற்றவர் பிள்ளையை எந்நாளில் எங்கே காண்பது, தாய்க்கு இயலாமற்போனால் அடுத்து யார் என்னும் ஐந்து செய்திகளும் அதில் இடம்பெற வேண்டும். அவ்விடத்தில் தாய் நேரில் இருந்து பேச வேண்டும். அவள் சார்பில் அண்ணனும் மாமனும் பேசினால் போதாது. அப்பக்கம் எழுதப்பெறாத வரையில் முறிவு முற்றுப்பெற்றதாக முத்திரையிடலாகாது.

ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்து வந்த தோழர்களிடம், அத்தாய்ப்பறவை சிறகடித்துத் துடிப்பதைக் கண்ட நபிகளார், குஞ்சுகளை அதனிடமே திருப்பிச் சேர்க்கச் சொன்னார்கள். அப்பறவை தன் ஒழுக்கத்துக்குச் சான்று கொண்டுவரவில்லை; சாட்சிகளை நிறுத்தவில்லை. சிறகை விரித்துக் காட்டியது, அவ்வளவே. நம் ஜமாஅத் மன்றங்களில் சிறகு விரித்து நிற்கும் தாய்மாரிடம் நாம் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விகளை, இனியேனும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.